குளிரில் பெயராத நகப்பூச்சு

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை நெயில் பாலிஷ் போட்டால் செவ்வாய்க்குள் நுனி பெயர்ந்துவிடுகிறது. என்ன செய்யலாம், அக்கா?
- வாசகி, கோத்தகிரி

பதில்: குன்னூரில் 14 வருடமாகப் பார்லர் நடத்துகிறேன், தங்கச்சி. டிசம்பர், ஜனவரிக் குளிரில் பாலிஷ் தேன் மாதிரி கெட்டியாகிவிடும். அதைத் தடிமனாகப் பூசினால் உள்ளே காயாது. பாட்டிலை உள்ளங்கைகளுக்கு நடுவே இரண்டு நிமிடம் உருட்டுங்கள். குலுக்கினால் குமிழி விழும்.

குளித்த கையோடு போடவே கூடாது. நகம் தண்ணீரை உறிஞ்சி விரியும், காயும்போது சுருங்கும். மேலே இருக்கும் பாலிஷ் விரிசல் விடும். இரண்டு மணி நேரம் போகட்டும். அப்புறம் ரிமூவர் தொட்ட பஞ்சால் நகத்தைத் துடையுங்கள். பனிவெடிப்புக்குத் தடவிய வாஸ்லின் பிசுக்கு இருந்தால் எதுவும் ஒட்டாது.

முதலில் பேஸ் கோட் (அடிப்பூச்சு), அதன்மேல் மெல்லிசாக இரண்டு கோட் பாலிஷ், கடைசியாக டாப் கோட் (மேல்பூச்சு). ஒவ்வொரு முறையும் பிரஷை நகநுனியின் விளிம்பிலும் ஓட்டுங்கள். பெயர்வது அங்கிருந்துதான், பலரும் விடுவதும் அதைத்தான்!

சீக்கிரம் காயட்டும் என்று கணப்புப் பக்கம் கையை நீட்டாதீர்கள், பாலிஷ் தீப்பிடிக்கும். பாத்திரம் தேய்க்கவும் கேரட் கழுவவும் ரப்பர் கையுறை போடுங்கள். மூன்றாம் நாள் இன்னொரு டாப் கோட் கொடுத்தால் ஒரு வாரம் தாங்கும்.