பூஜ்ஜியம் – பதினாறு: ஒரு கடிதம்

வணக்கம் சார்,

கிளீவ்லாந்து பக்கம் பதினோரு வருடமாக இருக்கிறேன். ஐ.டி. வேலை. சினிமா ரசிகர் மன்றங்களைப் பற்றி உங்கள் தளத்தில் எழுதியிருந்ததைப் படித்ததும் இதைக் கேட்கத் தோன்றியது.

என் பையனுக்குப் பத்து வயது, இங்கேயே பிறந்தவன், ஊர் அமெரிக்கக் கால்பந்து அணியான கிளீவ்லாந்து பிரவுன்ஸ் என்றால் பைத்தியம். 2024 சீசனில் அந்த அணி 17 ஆட்டம் ஆடி 3 ஜெயித்தது, 14 தோற்றது. ஞாயிற்றுக்கிழமை என்றால் அழுதுவிட்டுத்தான் சாப்பிட வருவான். 1999இலிருந்து 2024 சீசன் முடிய இந்த அணியில் 40 பேர் குவார்ட்டர்பேக்காக, அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவராக, ஆட்டத்தைத் தொடங்கியிருக்கிறார்களாம். பத்துக் குறள் சொல்லத் திணறுகிறவன் அந்த 40 பெயரையும் வரிசை பிசகாமல் ஒப்பிக்கிறான். ஆபீசிலும் இதே கதை. திங்கட்கிழமை காலை எழவு வீடு மாதிரி இருக்கும், அடுத்த வாரம் பார்த்தால் மறுபடியும் அதே ஆரஞ்சு சட்டை. தோற்றாலும் முதலாளிக்குப் பணம் வந்துகொண்டுதான் இருக்கிறது. நீங்கள் அன்று திட்டிய அதே ரசிகர் மன்ற அடிமைத்தனம்தானே இதுவும்? பக்கத்து மாநிலத்தில் டெட்ராய்ட் 15 ஆட்டம் ஜெயித்திருக்கிறது, பையனை அந்தப் பக்கம் திருப்பிவிடலாமா என்று பார்க்கிறேன். நீங்கள் ஒரு குளிர்காலம் இங்கே வந்து தங்கியிருந்ததாக எழுதியிருந்தீர்கள், அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

அன்புடன்,
ஆர்.

*

அன்புள்ள ஆர்.,

டெட்ராய்ட் பக்கம் திருப்பிவிடுகிறேன் என்கிறீர்களே, அங்கேதான் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 2008இல் 16 ஆட்டம் ஆடி 16லும் தோற்ற அணி அது! 16 ஆட்ட சீசனில் முதன்முதலாக முழுசாகத் தோற்றவர்களே அவர்கள்தான், ஒன்பது வருடம் கழித்து உங்கள் ஊர் அணி அதைச் சமன் செய்தது. வேடிக்கை என்னவென்றால் சீசனுக்கு முன்னால் நடக்கும், கணக்கில் சேராத ஒத்திகை ஆட்டங்கள் நான்கையும் இரண்டு அணிகளுமே அந்தந்த வருடம் ஜெயித்திருந்தன. இன்றைக்கு டெட்ராய்ட் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறவர்களில் பாதிப் பேர் 2008இல் உங்கள் பையன் மாதிரி அழுதுவிட்டுச் சாப்பிட வந்தவர்களாகத்தான் இருப்பார்கள்.

கிளீவ்லாந்து என்றால் அதுவரை எனக்குத் தியாகராஜ ஆராதனை மட்டும்தான். 2017 டிசம்பரில் நண்பர் வீட்டுக்கு வந்தபோது வெளியே பனி, காலை வெளியே வைக்க முடியாது. வருடத்தின் கடைசி நாள், ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து வீட்டுப் பெரியவர் எங்களை ஆட்டம் பார்க்கக் கூப்பிட்டார். இரும்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டியவர். அவர் வீட்டு பேஸ்மென்ட்டில் நல்ல சோபா இருந்தது, அதில் எங்களை உட்கார வைத்துவிட்டு அவர் மட்டும் ஓரத்தில் கிடந்த ஒரு பழைய நாற்காலியில் உட்கார்ந்தார். அதன் கால்கள் ஒரு பலகையில் போல்ட் போட்டு முடுக்கியிருந்தன, முதுகில் ஒரு நம்பர். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

அதுவரை 15 ஆட்டம், 15 தோல்வி. இது கடைசி, பிட்ஸ்பர்க்கில். பிட்ஸ்பர்க் ஏற்கெனவே அடுத்த சுற்றுக்குப் போய்விட்டதால் அவர்களுடைய முதன்மைக் குவார்ட்டர்பேக் ராத்லிஸ்பெர்கரை உட்கார வைத்துவிட்டார்கள். இதற்கு மேல் நல்ல சந்தர்ப்பம் கிடையாது. கடைசி நேரத்தில் பிரவுன்ஸ் 28-24 என்று பின்தங்கியிருக்கிறது, பந்து இவர்கள் கையில். விளையாட்டு தெரியாதவர்களுக்காக ஒரு வரி: நான்கு முயற்சிக்குள் 10 யார்டு முன்னேற வேண்டும், இல்லையென்றால் பந்து எதிரணிக்குப் போய்விடும். நான்காவது முயற்சி, இன்னும் 2 யார்டு வேண்டும். கைஸர் என்ற 21 வயதுப் பையன்தான் குவார்ட்டர்பேக், அந்த சீசனில் 22 முறை பந்தை எதிரணிக்காரன் கையில் எறிந்தவன். அவன் மேல் பாய வந்தவர்களிடமிருந்து நழுவி, ஓடிக்கொண்டே எறிகிறான். அருமையான எறி. கோரி கோல்மன் தனியாக நிற்கிறார், பக்கத்தில் ஆளே இல்லை, முதல் சுற்றில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆட்டக்காரர். பந்து நேராக அவர் இரண்டு கைக்குள் வந்து, வழுக்கிக்கொண்டு கீழே போனது.

பெரியவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கையிலிருந்த பீர் டப்பாவை மெதுவாகத் தரையில் வைத்தார், பேப்பர்காரர் பில் கொண்டு வந்தால் எழுந்து போகிற மாதிரி எழுந்து மேலே போய் ஜன்னல் வழியாகப் பனியைப் பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "சரி, முதல் டிராஃப்ட் நமக்குத்தான்" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில்தான் நீங்கள் சொல்லும் முதலாளி விவகாரம் முழுக்க இருக்கிறது. அதில் நீங்கள் சொல்வது சரி, நீங்கள் சொன்னதைவிட மோசமும்கூட. இங்கிலாந்துக் கால்பந்தில் கடைசியில் வந்தால் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். அமெரிக்காவில் தள்ள கீழ்ப்பிரிவே கிடையாது, 32 அணி என்றால் 32 அணிதான். தேசிய டிவி உரிமைப் பணத்தை 32ஆகச் சமமாகப் பிரிக்கிறார்கள், 16 தோற்றவனுக்கும் அதே பங்கு. அதோடு கடைசியில் வந்தவனுக்குத்தான் அடுத்த வருடம் கல்லூரி ஆட்டக்காரர்களில் முதல் ஆளைப் பொறுக்கும் உரிமை, பெரியவர் சொன்ன டிராஃப்ட் அதுதான். நலிந்தவனைத் தூக்கிவிட வைத்த ஏற்பாடு, ஆனால் கணக்கு தெரிந்தவன் கையில் கிடைத்தால் தோல்வியே முதலீடு ஆகிவிடுகிறது. 2016இல் பிரவுன்ஸ் ஒரு வழக்கறிஞரை அணி நிர்வாகத்துக்குத் தலைமையாக வைத்து, அவருக்குத் துணையாக பேஸ்பாலிலிருந்து புள்ளிவிவர நிபுணர் பால் டிபோடெஸ்டாவையும் கொண்டு வந்தது. அலெக்ஸ் மேக், மிட்செல் ஷ்வார்ட்ஸ் போன்ற தேறிய ஆட்டக்காரர்கள் வேறு அணிகளுக்குப் போனார்கள், கையிலிருந்த டிராஃப்ட் இடங்களை விற்று இன்னும் நிறைய எதிர்கால இடங்களை வாங்கிக் குவித்தார்கள். தோற்கப் போகிறோம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லைதான். ஆனால் விதை நெல் மட்டும் குதிர் குதிராக இருக்கிறது, உலையில் போட அரிசி இல்லை. 2016இல் 1-15, 2017இல் 0-16. அந்த வழக்கறிஞரை 2017 டிசம்பரிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பயிற்சியாளர் ஹியூ ஜாக்சன் தப்பித்தார். அவர் 1-15க்குப் பிறகு, இன்னொரு முறை இப்படித் தோற்றால் ஈரி ஏரியில் குதிக்கிறேன் என்று சொல்லியிருந்தார், 2018 ஜூனில் நிஜமாகவே குதித்தார், அதையும் தர்ம காரியத்துக்கு நிதி திரட்டும் நிகழ்ச்சியாக ஆக்கிவிட்டார்கள்.

இந்தக் கணக்கில் எனக்கு ஆறாதது ஜோ தாமஸ் விஷயம். குவார்ட்டர்பேக்கின் இடது பக்கத்தைக் காக்கும் ஆள். குவார்ட்டர்பேக் பார்வைக்கு வராத பக்கம் அது, அடி அங்கிருந்துதான் வரும். 2007இல் சேர்ந்த நாளிலிருந்து ஒரு முயற்சிகூட விடாமல் தொடர்ந்து 10,363 முறை களத்தில் நின்றார், முன்னால் யார் யாரோ குவார்ட்டர்பேக்காக வந்து போக, இவர் மட்டும் அதே இடத்தில். அந்த 2017 அக்டோபரில் டென்னஸிக்கு எதிராக முழங்கைக்கு மேல் தசை கிழிந்தது, அதோடு முடிந்தது. பதினோரு சீசனில் ஒரு பிளே ஆஃப் ஆட்டம்கூட, அதாவது பட்டத்துக்கான அடுத்த சுற்று ஆட்டம்கூட, ஆடியதில்லை. எதிர்காலத்துக்காகப் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறவர்கள் யாருடைய நிகழ்காலத்தைச் செலவழிக்கிறார்கள் என்பதை அந்த மனிதரைப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம்.

சரி, ரசிகர்களுக்கு வருகிறேன். நான் திட்டியது எப்படிப்பட்ட ஆளை? படம் ஊற்றிக்கொண்டாலும் நூறு நாள் போஸ்டர் ஒட்டுகிறவனை, ஊற்றிக்கொண்டது என்று சொன்னவனை அடிக்கப் போகிறவனை. கிளீவ்லாந்துக்காரன் அப்படி இல்லை. அணி கேவலமாக ஆடுகிறது என்று முதலில் சொல்கிறவனே அவன்தான். 2018 ஜனவரி 6ஆம் தேதி அந்த ஊரில் ஒரு ஊர்வலம் நடந்தது, பெரியவர் எங்களையும் இழுத்துக்கொண்டு போனார். சாம்பியன்களுக்கு ஊர்வலம் விடுவார்கள் அல்லவா, இது பூஜ்ஜியம்-பதினாறைக் கொண்டாடும் ஊர்வலம். மூச்சு விட்டால் மீசையில் ஐஸ் பிடிக்கும் குளிரில் ஆயிரக்கணக்கான பேர் நாய் முகமூடியும் ஆரஞ்சுக் குல்லாயுமாக ஸ்டேடியத்தைச் சுற்றி வந்தார்கள். வட்டமாக ஏன் என்று நண்பரிடம் கேட்டேன். "பூஜ்ஜியம் போடறாங்க சார்" என்றார். நம் கிராமத்தில் ஒப்பாரி வைக்கும் கிழவி நடுவில் செத்தவனையே கிண்டலடித்து ஒரு வரி பாடுவாளே, அந்த மாதிரி. வசூலான பணம் ஊர் உணவு வங்கிக்குப் போனது. முந்தின வருடமே ஏற்பாடு செய்திருந்தார்களாம், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சான் டியாகோ கடைசி நொடியில் கோலைத் தவறவிட்டதால் ஒரு வெற்றி வந்து தொலைத்து, ஊர்வலம் ரத்தாகிவிட்டது. ஆட்டக்காரர்கள் சிலர் இந்த ஊர்வலத்தைப் பார்த்து ட்விட்டரில் கோபப்பட்டார்கள். அவர்கள் கோபமும் நியாயம்தான், உடம்பு நோக ஆடியவர்கள் அவர்கள். ஆனால் முதலாளிக்கு அந்த ஊர் எழுதிய பகிரங்கக் கடிதம் அது. உங்கள் ஆபீஸ்காரர்கள் அடிமைகள் என்றால், அடிமைகள் இப்படி ஊர்வலம் போவார்களா?

இனி அந்த நாற்காலி. 1995 நவம்பர் 6ஆம் தேதி, அப்போதைய முதலாளி ஆர்ட் மோடெல் அணியை பால்டிமோருக்குக் கொண்டு போகிறேன் என்று அறிவித்தார். மறுநாள் கிளீவ்லாந்தில் ஒரு வாக்கெடுப்பு இருந்தது. ஸ்டேடியத்தைப் புதுப்பிக்க மதுவுக்கும் சிகரெட்டுக்கும் போட்டிருந்த வரியை நீட்டிக்கலாமா என்று. போய்விட்டான் என்று தெரிந்த மறுநாள், ஊர் ஜனம் பெருவாரியாக "நீட்டிக்கலாம்" என்று ஓட்டுப் போட்டது! டிசம்பர் 17ஆம் தேதி அங்கே கடைசி ஆட்டம், சின்சினாட்டியை 26-10 என்று ஜெயித்தார்கள். நடக்கும்போதே ஜனங்கள் ரம்பமும் ஸ்பானருமாக நாற்காலிகளைப் பிடுங்க ஆரம்பித்துவிட்டார்கள், வரிசை வரிசையாக மைதானத்துக்குள் எறிந்தார்கள். பெரியவர் எறியவில்லை, கோட்டுக்குள் மறைத்துக் கொண்டுவந்தேன் என்றார். அவ்வளவு பெரிய நாற்காலி எந்தக் கோட்டுக்குள் போகும் என்று நான் கேட்கவில்லை. ஸ்டேடியத்தை அப்புறம் இடித்தார்கள், இடிபாட்டைக் கொண்டு போய் ஈரி ஏரியில் மீன்கள் தங்குவதற்காகப் போட்டார்கள். ஜாக்சன் குதித்த அதே ஏரிதான்.

ஊர் வழக்குப் போட்டுப் போராடியதில் பெயர், நிறம், வரலாறு எல்லாம் கிளீவ்லாந்துக்கே நின்றன, ஆட்டக்காரர்கள் மட்டும் பால்டிமோருக்குப் போனார்கள். 1999இல் புதிதாக ஓர் அணியை அமைத்து அதே பெயரைச் சூட்டினார்கள், உங்கள் பையனின் பட்டியல் அங்கேதான் தொடங்குகிறது. நடுவில் 1996, 97, 98 – மூன்று வருடம் ஞாயிற்றுக்கிழமை அந்த ஊரில் ஒன்றுமே கிடையாது. பால்டிமோருக்குப் போன அணி 2001 ஜனவரியில் சாம்பியன் பட்டத்துக்கான இறுதி ஆட்டமான சூப்பர் பௌலையே ஜெயித்தது, அதையும் டிவியில் உட்கார்ந்து பார்த்தார்கள். நான் பெரியவரிடம் 0-16தான் உங்கள் வாழ்க்கையிலேயே மோசமான சீசனா என்று கேட்டேன். என்னை ஒன்றும் தெரியாத ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு, "இல்லை, 97" என்றார். 97இல் அணியே இல்லையே என்றேன். அவர் பதில் சொல்லவில்லை.

அதனால்தான் இதை அடிமைத்தனம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. தோற்கிற அணியைப் பார்க்கிறவனுக்கு வேறு வழி தெரியாது என்று நாம் நினைக்கிறோம், இவர்களுக்கு மூன்று வருடம் வேறு வழியும் தெரிந்திருந்தது.

இதற்காக முதலாளிமார்களை விட்டுவிடச் சொல்லவில்லை. இப்போதைய உரிமையாளர்களும் அணியை புரூக் பார்க் புறநகருக்குக் கொண்டு போக மும்முரமாக இருக்கிறார்கள், ஊர்க்காரர்களுக்கு அடிவயிறு கலங்காமல் இருக்குமா? 2017 டிராஃப்டில் தங்கள் 12ஆவது இடத்தை ஹூஸ்டனுக்குக் கொடுத்தார்கள், ஹூஸ்டன் அதில் டிஷான் வாட்சனை எடுத்துக்கொண்டது. 2022இல் அதே வாட்சனை மூன்று முதல் சுற்று இடங்களைக் கொடுத்து, 23 கோடி டாலர் முழு உத்தரவாதத்தோடு வாங்கி வந்தார்கள். அப்போது அவர்மேல் இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் பாலியல் புகார் வழக்குத் தொடுத்திருந்தார்கள். அவர் மறுத்தார், 11 ஆட்டத் தடை வந்தது. குடும்பத்தோடு ஆட்டம் பார்க்கிறவர்கள் பலருக்கு இது தோல்வியைவிடக் கசந்தது, சட்டையைக் கழற்றி மடித்து வைத்தவர்களை எனக்குத் தெரியும். அப்படிக் கழற்றுவதும் ரசிகனின் வேலைதான். உங்கள் பையன் பெரியவனானதும் இந்தக் கதையையும் அவனிடம் பேச வேண்டியிருக்கும்.

ஆனால் தோற்கிறது என்பதற்காக மட்டும் அவனைத் திருப்பாதீர்கள். திருப்பினாலும் திரும்ப மாட்டான் என்பது வேறு விஷயம். 2024 நவம்பர் 21ஆம் தேதி, பனி கொட்டும் வியாழக்கிழமை ராத்திரி, மைதானத்தில் கோடே தெரியாமல் பிட்ஸ்பர்க்கை 24-19 என்று ஜெயித்தார்களே, அன்றைக்கு அவன் எத்தனை மணிக்குத் தூங்கினான் என்று நீங்கள் எழுதவே இல்லை. பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டானா?

அப்புறம் அந்த 40 பெயர். குறள் பத்து தானாக வரும், அதற்காக இதை நிறுத்தச் சொல்லாதீர்கள். இனி அடுத்து வரும் பெயர் யாருடையதாக இருக்கும் என்று அவன் நினைக்கிறான்? கேட்டு எழுதுங்கள்.