பூர்வீக வீடு, நிலம் விற்கும்போது மூலதன ஆதாய வரிக்காக ஆடிட்டரை எப்போது பார்க்க வேண்டும்?

அட்வான்ஸ் வாங்கும் முன்பே பாருங்கள். பத்திரம் முடிந்தபின் போனால் பாதி வழிகள் அடைபட்டிருக்கும்.

மூலதன ஆதாயம் என்பது சொத்தை விற்ற விலைக்கும் வாங்கிய விலைக்கும் உள்ள வித்தியாசம். வரி அதற்குத்தான், கைக்கு வரும் மொத்தப் பணத்துக்கு அல்ல. மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகை வாங்கி விற்பவர் கொள்முதலைக் கழித்துத்தானே லாபம் பார்க்கிறார்? அதே கணக்குதான். ஆனால் பூ வாங்கிய விலை அவருக்கு அன்று காலையிலேயே தெரியும். தாத்தா 1970-இல் வாங்கிய வீட்டுக்கு என்ன செய்வது? இங்கேதான் ஆடிட்டர் தேவை. 1.4.2001-க்கு முன் வாங்கியதென்றால், அந்த 1.4.2001 தேதியில் இருந்த சந்தை மதிப்பையே அடக்கவிலையாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது, பத்திரப்பதிவுக்காக அந்தச் சொத்துக்கு அரசு அப்போது வைத்திருந்த வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்த சொத்துக்கு வரி 12.5 சதவீதம். 23.7.2024-க்கு முன் வாங்கியது என்றால், இந்தியாவில் வசிப்பவர் அடக்கவிலையோடு விலைவாசி உயர்வைச் சேர்த்து 20 சதவீதத்திலும் கணக்கிட்டு, எது குறைவோ அதைக் கட்டலாம்.

விவசாய நிலத்துக்குத் தூரம்தான் முக்கியம். மதுரை மாநகராட்சி எல்லையிலிருந்து நேர்கோட்டில் 8 கிலோமீட்டருக்குள் இருந்தால் வரி உண்டு. அதைத் தாண்டி, வேறு நகராட்சி, பேரூராட்சிக்குப் பக்கத்திலும் இல்லாத கிராமத்து நிலம் என்றால் இந்த வரியே கிடையாது.

வீட்டை விற்று 2 ஆண்டுக்குள் வேறு வீடு வாங்கினால் விலக்கு உண்டு. அப்புறம், ரிட்டர்ன் (வருமான வரிக் கணக்கு) தாக்கல் செய்யும் கெடுவுக்குள் வாங்க முடியாவிட்டால் பணத்தை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கில் போட வேண்டும். சாதாரண எஃப்.டி. செல்லாது. தெரியாமல் விலக்கை இழப்பது உண்மையிலேயே வருத்தமான விஷயம்.

50 லட்சமோ அதற்கு மேலோ விலை போனால் வாங்குபவர் 1 சதவீதம் பிடித்துக் கட்டுவார். அதோடு வரி முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது முன்கூட்டிப் பிடித்த தொகைதான், மீதியை நீங்கள்தான் ரிட்டர்னில் காட்டிக் கட்ட வேண்டும்.