மாணவர்களிடம் வரலாற்றுப் பாட ஒப்படைப்பை (அசைன்மென்ட்) தவணையாக வாங்குவது என்றால் என்ன?

ஒரு மாத வேலையைக் கடைசி நாளில் மொத்தமாகக் கேட்காமல், துண்டு துண்டாக வாங்கிப் பார்ப்பதுதான். செங்கோட்டையில் ஒன்பதாம் வகுப்புக்கு 'திருவிதாங்கூரில் இருந்த நம் ஊர் 1956 நவம்பர் 1-ல் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது ஏன்?' என்று தலைப்பு கொடுக்கிறோம். முதல் வாரம் ஐந்து கேள்விகள் மட்டும். அடுத்த வாரம் தாத்தா, ஆச்சியிடம் கேட்டு எழுதிய அரைப் பக்கம். (வீட்டுப் பரணில் பழைய திருவிதாங்கூர் காசு கிடைத்தால் வகுப்பே கூடிவிடும்.) அப்புறம்தான் கட்டுரை.

கெடு தூரத்தில் இருந்தால் பிள்ளைகளுக்கு வேலை கண்ணில் படாது. எங்கே சிக்கினார்கள் என்பது நமக்கும் தெரியாது. மாதச் சீட்டு மாதிரிதான்: இருபதாயிரத்தை மொத்தமாகப் புரட்ட முடியாதவரும் ஆயிரம் ஆயிரமாகக் கட்டிவிடுவார்.

'துண்டுக்குத் துண்டு திருத்த வேண்டுமே' என்று பலர் பயப்படுகிறார்கள். மார்க்கே வேண்டாம், பார்த்து ஒரு டிக் போட்டால் போதும்.