மார்ஷல் தோற்றார், அவருடைய தொடக்கம் தோற்கவில்லை

கேள்வி: அமெரிக்கச் சதுரங்க வீரர் மார்ஷல் ஒன்பது ஆண்டுகள் ஒளித்து வைத்திருந்த தொடக்க ஆட்டத்தைக் கியூபா வீரர் காபபிளாங்கா 1918இல் பலகையின் முன் அமர்ந்தபடியே முறியடித்துவிட்டார். அப்படியிருக்க, என் மகன் மணிக்கணக்கில் தொடக்க வரிசைகளைப் படிப்பது வீண்தானே?

பதில்: வீண் அல்ல. நீங்கள் காட்டும் சான்றே உங்களுக்கு எதிராக நிற்கிறது. 1909 போட்டியில் காபபிளாங்காவிடம் தோற்ற மார்ஷல், அன்று முதல் இந்த ஆயுதத்தை யாரிடமும் காட்டாமல் காத்திருந்தார் என்பது சுவையான கதை மட்டுமே. 1917இலேயே அவர் இதை வேறொருவரிடம் ஆடியிருக்கிறார்.

இனி, அந்த ஆட்டத்துக்கு வருவோம். 1918 அக்டோபர் 23 அன்று நியூயார்க் தொடர் போட்டியில், ரூய் லோபஸ் என்ற தொடக்கத்தின் 8ஆவது நகர்த்தலில் மார்ஷல் கருப்புச் சிப்பாயை டி5 கட்டத்துக்குத் தள்ளி (எழுத்தும் எண்ணும் சேர்ந்தது பலகையில் ஒரு கட்டத்தின் பெயர்), இ5 சிப்பாயைப் பலி கொடுக்க முன்வந்தார். எதிராளி வீட்டில் ஆராய்ந்து வைத்த தாக்குதல் இது என்று உணர்ந்தும், தன் திறனுக்கு விடப்பட்ட சவாலாக அதைக் கருதிக் காபபிளாங்கா சிப்பாயை எடுத்துக்கொண்டார். எஃப்2இல் குதிரை பாய்ந்தபோது அதை ராணியால் வெட்டாமல் யானையை இ2க்கு நகர்த்திய அந்த நிதானம், எத்தனை முறை ஆடிப் பார்த்தாலும் வியப்பூட்டுகிறது. 36 நகர்த்தல்களில் வென்றார். ஆனால் அந்த நெருக்கடிக்கு வருமுன் அவர் ஆடிய முதல் ஏழு நகர்த்தல்களும் அன்றைய ஆட்டக்காரர்கள் நன்கறிந்த பாதைதான் என்பதை நீங்கள் கவனிக்கவில்லை.

மார்ஷலின் தாக்குதல் பலிக்காமல் போனதற்குக் காரணம் 11ஆவது நகர்த்தல். டி5இல் நின்ற குதிரையை அவர் எஃப்6க்குத் திருப்பினார். அதற்குப் பதிலாகச் சிப்பாயை சி6இல் வைத்து, குதிரையை நடுப்பலகையிலேயே காக்கும் வழி பின்னர் நிலைபெற்றது. அதன் பிறகு இந்தத் தாக்குதல் எவ்வளவு வலுப்பெற்றதென்றால், 1993இல் லண்டனில் இங்கிலாந்து வீரர் ஷார்ட்டுக்கு எதிரான உலகப் பட்டப் போட்டியின் முதல் ஆட்டத்தில் ரஷ்ய மேதை காஸ்பரோவே 8ஆவது நகர்த்தலில் ஏ4 ஆடி இதைத் தவிர்த்தார். நூறாண்டு கடந்தும் முன்னணி கிராண்ட்மாஸ்டர்கள் கருப்புக் காய்களுடன் இதை நம்பி ஆடுகிறார்கள்.

நகர்த்தல்களை ஒப்பிப்பதோடு நின்றால் உங்கள் கவலையில் நியாயம் உண்டு. ஆகவே, 11ஆவது நகர்த்தலில் சி6 ஏன் எஃப்6ஐவிடச் சிறந்தது என்று உங்கள் மகனிடம் கேளுங்கள். பலகையில் காய்களை வைத்து அவன் காரணம் சொன்னால், அவனைப் படிக்க விடுங்கள்.