1180-இல் மரத்தடுப்பு கிடையாது

கேள்வி: 1180-இல் பிரான்சில் நடக்கும் கதை ஒன்று எழுதுகிறேன். நாயகன் பளபளக்கும் தகட்டுக் கவசம் அணிந்து, நடுவே மரத்தடுப்பு போட்ட களத்தில் ஈட்டியோடு பாய்கிறான். வென்றவனுக்கு இளவரசியின் கைக்குட்டை. இதில் தவறு உண்டா?

பதில்: ஆண்டைத் தவிர கிட்டத்தட்ட எல்லாமே தவறு! நீங்கள் சொல்லும் தடுப்பும் முழுத் தகட்டுக் கவசமும் 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஆண்டை மாற்றலாம். ஆனால் நானாக இருந்தால் காட்சியைத்தான் மாற்றுவேன், ஏனென்றால் 1180 அதைவிடச் சுவையானது.

அப்போது போட்டி என்றால் இரண்டு பெரிய அணிகள் குதிரையில் மோதும் கும்பல் சண்டை. களம் இரண்டு ஊர்களுக்கு நடுவே பரந்து கிடக்கும். வயல், திராட்சைத் தோட்டம் எதுவும் தப்பாது. ஒருவரோடு ஒருவர் ஈட்டியால் மோதுவதும் உண்டு, ஆனால் அது முன்னோட்டம் மாதிரி. எதிரியைக் கொல்வது நோக்கமல்ல. கடிவாளத்தைப் பிடித்து இழுத்துவந்து சிறைப்படுத்த வேண்டும். பிடிபட்டவர் பணம் கட்டி மீள வேண்டும். குதிரையும் கவசமும் போய்விடும். சொத்தில்லாத இளைய மகன்களுக்கு இது பிழைப்பு.

அக்கால ஆங்கிலேய வீரர் வில்லியம் மார்ஷல் அப்படி வந்தவர்தான், நான்காவது மகன். கூட்டாளி ஒருவரோடு சேர்ந்து பத்தே மாதத்தில் 103 வீரர்களைப் பிடித்தார். ஒரு போட்டியில் சிறந்த வீரர் அவரே என்று முடிவாகி, பரிசோடு தேடிப் போனார்கள். ஆள் கொல்லன் பட்டறையில், பட்டடைக் கல்லில் தலையை வைத்துக் குனிந்திருந்தார். அடிபட்டு நெளிந்த தலைக்கவசம் கழலவில்லை, கொல்லன் தட்டித் தட்டி எடுத்துக்கொண்டிருந்தான். சரி, பரிசு என்ன? கைக்குட்டை இல்லை, ஒரு பெரிய ஆற்று மீன்.

உடைக்கு இரும்பு வளையங்களைக் கோத்த சங்கிலிக் கவசம் போதும். அப்புறம் திருச்சபையை மறக்காதீர்கள். 1130-இல் பிரான்சின் கிளெர்மான்ட் நகரில் கூடிய திருச்சபைப் பேரவை இப்போட்டிகளைத் தடைசெய்தது. களத்தில் செத்தவருக்குத் திருச்சபை முறைப்படி அடக்கம் இல்லை. 1316-இல்தான் தடை நீங்கியது. தடை இருந்த காலத்திலும் ஆடினார்கள். உங்கள் நாயகனின் தாய்க்கு அழ இது போதாதா?

மரத்தடுப்பு இருந்தே ஆகவேண்டும் என்றால் கதையை 1450-க்குத் தள்ளுங்கள். ஆனால் அந்தப் பட்டறையை விட்டுவிட வேண்டியிருக்கும். எனக்கானால் மனம் வராது.