எந்த ஒயரை வெட்டணும்? அதற்கு முன் சொல்ல வேண்டியவை

கேள்வி: நண்பர்கள் நான்கு பேர், குண்டைச் செயலிழக்கச் செய்யும் ‘கீப் டாக்கிங் அண்ட் நோபடி எக்ஸ்ப்ளோட்ஸ்’ என்ற வீடியோ கேம் ஆடுகிறோம். ஒருவர் திரையில் குண்டைப் பார்க்கிறார், மூவர் கையேட்டைப் புரட்டுகிறோம். சுலபமான குண்டுகளைத் தாண்டியதும் ஆளாளுக்குக் கத்தி, நேரம் தீர்ந்து வெடித்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: குண்டுக்காரரோடு ஒருவர் மட்டும் பேசுங்கள். இன்னொருவர் பக்கத்தை எடுத்துக் கொடுக்கட்டும், மூன்றாமவர் பேனாவும் தாளுமாக உட்காரட்டும். 23 பக்கக் கையேட்டை அச்சிட்டுத் தனித்தனித் தாளாகப் பரப்பி வைத்தால் செல்போனில் தேடும் நேரம் மிச்சம்.

கடிகாரம் ஓடத் தொடங்கியதும் எதையும் தொடாமல் குண்டைச் சுற்றிப் பார்த்து எழுதவையுங்கள்: சீரியல் எண்ணின் கடைசி இலக்கம் ஒற்றையா இரட்டையா, அதில் ஆங்கில உயிரெழுத்து உண்டா, பேட்டரி எத்தனை, எரியும் விளக்கின் பெயர் என்ன, பேரலல் போர்ட் (கேபிள் செருகும் ஒரு வகைத் துளை) இருக்கிறதா. பல விதிகள் இவற்றைத்தான் கேட்கும்.

ஒரு குண்டில் பல புதிர்ப் பகுதிகள் இருக்கும். ஒயர் பகுதி வந்தால் நிறத்தில் தொடங்காதீர்கள். விதிகள் எண்ணிக்கை வாரியாகப் பிரிந்திருப்பதால் “நாலு ஒயர்” என்பதே முதல் சொல். பிறகு மேலிருந்து கீழாக நிறம். படிப்பவர் விதியை முழுதாக வாசிக்காமல் கேள்வியாகக் கேட்கட்டும். நாலு ஒயரில் “சிவப்பு ஒன்றுக்கு மேல் இருக்கா?” என்றால் போதும். இருந்து, சீரியல் ஒற்றையில் முடிந்தால் கடைசிச் சிவப்பை வெட்டலாம். குண்டுக்காரர் “மேலிருந்து மூன்றாவது, வெட்டவா?” என்று திருப்பிச் சொல்லி, “வெட்டு” வந்தபிறகே கை வைக்கட்டும்.

சிறு திரையிலும் பட்டன்களிலும் ஆங்கிலச் சொற்கள் வரும் ‘ஹூஸ் ஆன் ஃபர்ஸ்ட்’ பகுதிதான் பலரைக் கவிழ்க்கிறது. யூ, யுவர், யு ஆர் என ஒரே மாதிரி ஒலிப்பவற்றை எழுத்துக்கூட்டியே சொல்ல வேண்டும். ஆனால் தமிழில் ஆடுபவர்களுக்கு இங்கே பெரிய வசதி இருக்கிறது. வெயிட், ஓகே, வாட், நோ, லெஃப்ட் எல்லாமே பட்டன்களில் எழுதியிருக்கும் சொற்கள். பேச்சு முழுவதும் தமிழிலேயே நடந்தால், காதில் விழும் ஆங்கிலம் எல்லாம் குண்டில் எழுதியிருப்பதுதான். ஆகவே “வெயிட் பண்ணு” வேண்டாம், “பொறு” என்னுங்கள். திரை வெறுமையாகவும் வரும், ‘பிளாங்க்’ என்ற சொல்லும் வரும். முன்னதை மட்டும் “காலி” என்று சொல்லப் பழகுங்கள்.

இன்னொரு பகுதியின் பட்டன்களில் வரும் விநோதக் குறியீடுகளுக்கு ஆட்டத்துக்கு முன்பே பெயர் வைத்துவிடுங்கள். நட்சத்திரம் இரண்டு உண்டு, ஒன்று நிரம்பியது, ஒன்று வெற்று. வெறும் “நட்சத்திரம்” என்றால் அடுத்தவருக்கு எது என்று தெரியாது.

எண் பட்டன்களை அழுத்தும் ‘மெமரி’ பகுதியின் ஐந்து கட்டங்களில் முதல் நான்கிலும் அழுத்திய பட்டனின் இடம், அதிலிருந்த எண் இரண்டையும் எழுத வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் பிந்தைய கட்டத்தில் மாட்டிக்கொள்ளலாம். தவறினால் மறுபடி முதல் கட்டம்.

ஸ்ட்ரைக் (தவறுக்கான குறி) விழுந்தால் குண்டுக்காரர் மறைக்காமல் உடனே சொல்லட்டும். கடிகாரம் வேகமெடுப்பதோடு மின்னும் நிறத்துக்கு ஏற்ற பட்டனை அழுத்தும் ‘சைமன் சேஸ்’ பகுதியின் அட்டவணையும் மாறிவிடுகிறது. சீரியலில் உயிரெழுத்து இருக்கும் குண்டில், சிவப்பு மின்னினால் நீலத்தை அழுத்திக்கொண்டிருந்தவர், ஒரு ஸ்ட்ரைக்குக்குப் பின் மஞ்சளை அழுத்த வேண்டும்.