சேவிங் ஸ்டிக்கும் பீலித் தண்ணியும்

ஹட்டன் டவுனில் 31 வருடமாகக் கத்தரிக்கோலும் கத்தியுமாக நிற்கிறேன். "டின்னை அமுக்கினா நுரை வருது, இந்தக் குச்சியோட எதுக்கு அண்ணே மல்லுக்கட்டணும்" என்று கேட்ட பையன்களே இப்போது சேவிங் ஸ்டிக்கும் (குச்சி மாதிரி வார்த்த சேவிங் சவர்க்காரம்) கையுமாக வந்து சந்தேகம் கேட்கிறார்கள். வந்த கேள்விகளில் சிலதை இங்கே எடுத்துக்கொள்கிறேன். பேர் போட வேண்டாம் என்று பலர் சொன்னதால் ஊர் மட்டும்.

நுரை நல்லாத்தான் வருகிறது. ஒரு கன்னம் வழித்து முடிப்பதற்குள் மறு கன்னத்தில் காய்ந்து பொருக்குத் தட்டிவிடுகிறது. ஸ்டிக் பழசாகிவிட்டதா அண்ணே? (மஸ்கெலியா)

ஸ்டிக் மேல் பழி போடாதீர்கள் தம்பி. தண்ணீர் பத்தவில்லை. எனக்கு வருகிற கேள்விகளில் பாதி இதே கேள்விதான், வார்த்தைதான் வேறு.

வீட்டில் ரொட்டிக்கு மா பிசைவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கோப்பைத் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றுவார்களா? தெளித்துத் தெளித்துத்தான் பிசைவார்கள். நுரைக்கும் அதே கைப்பக்குவம்.

முகத்தைக் கழுவித் துடைக்காமல் ஈரமாகவே விடுங்கள். ஸ்டிக்கின் நுனியைத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, முடி வளரும் போக்குக்கு எதிராகத் தேயுங்கள். பெரும்பாலான ஆட்களுக்குக் கழுத்திலிருந்து தாடைக்கு, தாடையிலிருந்து கன்னத்துக்கு. முள்ளாக நிற்கிற முடி சவர்க்காரத்தைச் சுரண்டி எடுத்துக்கொள்ளும், திருவலையில் தேங்காய் உதிர்கிற மாதிரி. முடியில்லாத கன்ன எலும்பில் தேய்ப்பது வீண். மூன்று நாள் தாடிக்கு ஒரு சுற்று போதும். தினமும் வழிக்கிறவர்களுக்கு முடி கட்டையாக இருப்பதால் இரண்டு சுற்று வேண்டியிருக்கும்.

அடுத்து பிரஷ். நனைத்து இரண்டு உதறு உதறிவிட்டு, முகத்தின் மேலேயே வட்டமாகச் சுற்றுங்கள். அரை நிமிடத்தில் வெள்ளை வெளேரென்று கெட்டியாக ஒன்று வரும். பார்த்தால் முடிந்த மாதிரித் தெரியும். எல்லோரும் கையை நிறுத்துகிற இடம் இதுதான். அது நுரை இல்லை, பசை. பிரஷின் நுனியை மட்டும் தண்ணீரில் தொட்டுச் சுற்றுங்கள். மறுபடி தொட்டுச் சுற்றுங்கள். மூன்று நான்கு தடவை. ஒவ்வொரு தடவையும் நுரை கொஞ்சம் கனத்து, கொஞ்சம் மினுங்கும். மண் சட்டியில் உறைந்த எருமைத் தயிரைக் கரண்டியால் வெட்டினால் வெட்டின பக்கம் ஒரு பளபளப்புத் தெரியுமே, அந்தப் பளபளப்பு வந்தால் பதம். கண்ணுக்குத் தெரிகிற குமிழி இருக்கக் கூடாது. இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்தால் வழுக்க வேண்டும், ஒட்டக் கூடாது.

தண்ணீர் கூடிப்போனால் கோப்பை கழுவின தண்ணி மாதிரி பெரிய பெரிய குமிழியாகி, கழுத்து வழியாக பெனியனுக்குள் இறங்கும். பயப்பட ஒன்றுமில்லை. ஸ்டிக்கை இன்னொரு இழுப்பு இழுத்துவிட்டுச் சுற்றுங்கள், திரும்பிவிடும். காய்ந்த பசையோடு கத்தி வைப்பதுதான் தப்பு.

எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம். அந்த நேரம் வீணில்லை. முடி தண்ணீர் குடித்து இளகுவதும் அப்போதுதான். தை மாசியில் இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணையில்) நின்று வழிக்கிறவர்களுக்கு இன்னொன்று: அந்தக் காற்று எப்பேர்ப்பட்ட நுரையையும் உலர்த்திவிடும். பிரஷைக் கழுவிவிடாமல் பக்கத்தில் வையுங்கள். காய்கிற இடத்தில் ஒரு தடவு தடவிக்கொள்ளலாம்.

சொந்த ஊர் பண்டாரவளை, இப்போது யாழ்ப்பாணத்தில் படிப்பிக்கிறேன். ஊரில் பொங்கி வந்த அதே ஸ்டிக் இங்கே வெள்ளைத் திரியாகத் திரிகிறது. ஏன்?

மாஸ்டர், நீங்கள் மாறவில்லை, கிணறு மாறிவிட்டது. யாழ்ப்பாணம் சுண்ணாம்புக் கல்லின் மேல் உட்கார்ந்திருக்கிற ஊர். அந்தக் கிணற்று நீரில் கல்சியம் அதிகம். சவர்க்காரம் அதோடு சேர்ந்தால் நுரையாகாமல் கரையாத கசடாகிவிடும். நீங்கள் பார்க்கிற வெள்ளைத் திரி அதுதான். நம் பக்கத்துப் பீலித் தண்ணி, அதாவது மலையிலிருந்து குழாய் வழியாக வந்து விழுகிற தண்ணி, பெரும்பாலும் சுண்ணாம்பு கரையாத பாறை மேல் ஓடி வருவதால் மென்னீர். (மலை முழுக்க அப்படி என்றும் சொல்ல முடியாது. திகன, மாத்தளைப் பக்கம் டொலமைட் என்கிற சுண்ணாம்பு வகைப் பாறை உண்டு.)

செய்ய வேண்டியது: தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிடுங்கள். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறது பாருங்கள், அது உங்கள் முகத்துக்கு வராமல் போகிற சுண்ணாம்பு. மேலே தெளிந்ததை மட்டும் ஒரு கோப்பை எடுத்துக்கொண்டால் நுரை கட்ட அது தாராளம். கழுவ எந்தத் தண்ணீரும் ஆகும். மழைத்தண்ணீர் பிடித்தால் இன்னும் நல்லது. ஸ்டிக்கையும் ஊரில் தேய்த்ததை விட ஒரு பங்கு கூடத் தேயுங்கள். பிரஷ் முடி விறைத்துப்போயிருந்தால் அதிலும் கசடுதான். வினாகிரியில் தண்ணீர் கலந்து கொஞ்ச நேரம் ஊறவைத்து அலசுங்கள்.

காலை ஐந்து மணிக்கு நானுஓயாவில் பீலித் தண்ணி ஐஸ் மாதிரி இருக்கும். பச்சைத் தண்ணீரில் ஸ்டிக் வேலை செய்யுமா?

செய்யும். ஸ்டிக் கரைய நேரம் எடுக்கும், அவ்வளவுதான். இரண்டு சுற்றுக்கு மூன்று சுற்று. ஆனால் முடி இளகுவதற்கு வெந்நீர்தான் சீக்கிரம். தேத்தண்ணிக்கு வைத்த கேத்தலிலிருந்து ஒரு கோப்பை எடுத்து, கை பொறுக்கிற சூட்டுக்குப் பச்சைத் தண்ணீர் கலந்து, துணியை நனைத்து முகத்தில் ஒரு நிமிடம் போட்டுக்கொள்ளுங்கள். நுவரெலியா உயரத்தில், ஏறக்குறைய 1,870 மீற்றரில், தண்ணீர் 94 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும். பருப்பு வேக நேரமாவது அதனால்தான். சேவுக்கு அந்தக் கவலை இல்லை. கொதிக்கிற தண்ணீரில் பிரஷை முக்காதீர்கள். முடியை அடியில் பிடித்திருக்கிற பசை விட்டுப்போகும்.

லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) அப்பா, நான், இரண்டு தம்பிமார். நாலு பேருக்கும் ஒரே ஸ்டிக். தப்பா? (பொகவந்தலாவை)

தப்பு. ஸ்டிக் நேராகத் தோலில் உரசுகிற பொருள். வழித்த தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கும்.

நான் தொழில் பழகின சலூனில் ஒரே ஸ்டிக்கை வருகிறவர் போகிறவர் எல்லோர் தாடையிலும் தேய்ப்போம். கேட்டால் சவர்க்காரத்தில் கிருமி தங்காது என்பார்கள். அந்த வருடம் என் தாடையிலேயே படர்தாமரை வந்து, மூன்று மாதம் மருந்து பூசினேன். வாடிக்கையாளர்கள் கண்ணாடியில் தங்கள் முகத்தைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்ப்பார்கள். அன்றைக்கு விட்ட பழக்கம் அது.

ஒரு ஸ்டிக்தான் வாங்க முடியும் என்றால் கத்தியால் நாலு துண்டாக வெட்டி ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். சவர்க்காரம்தானே, வெட்டினால் ஒன்றும் ஆகாது. பிளேட்டை மட்டும் எந்தக் காலத்திலும் பங்கு போடாதீர்கள். மஞ்சள் காமாலையில் ஹெபடைட்டிஸ் பி என்கிற வகை இரத்தத்தால் பரவுவது.

குளிக்கிற சவர்க்காரத்தையே தேய்த்தால் என்ன? (ராகலை)

தேய்க்கலாம், எரியும். குளிக்கிற சவர்க்காரம் சோடியம் காரத்தில் செய்தது, நுரை வந்த வேகத்தில் அமுங்கும். சேவிங் சவர்க்காரத்தில் பொட்டாசியம் காரமும் ஸ்டியரிக் அமிலமும் கூடுதலாக இருப்பதால்தான் நுரை கனமாக நின்று பிடிக்கிறது.

நான் சுத்த சைவம். ஸ்டிக்கில் மாட்டுக் கொழுப்பு இருக்கும் என்கிறார்கள், உண்மையா? (பதுளை)

சிலதில் உண்டு. உறையில் பொடி எழுத்தில் பொட்டாசியம் டாலோவேட், சோடியம் டாலோவேட் என்று இருந்தால் அது மிருகக் கொழுப்பு, வழக்கமாக மாட்டினுடையது. துருக்கி நாட்டு ஆர்கோ ஸ்டிக் அந்த வகையாகத்தான் பேர் வாங்கியது. பாமேட் என்றால் பாம் எண்ணெய், கோகோவேட் என்றால் தேங்காய் எண்ணெய். ஸ்டியரேட், ஸ்டியரிக் அமிலம் என்று இருந்தால் எதிலிருந்தும் எடுத்திருக்கலாம். மரக்கறி எண்ணெய் என்று வெளிப்படையாகப் போட்டிருப்பதைத் தேடுங்கள்.

ஸ்டிக்கைக் கேட்டவர் பிரஷைக் கேட்கவில்லையே. விலை குறைந்த இயற்கை முடிப் பிரஷ் பெரும்பாலும் பன்றி முடி. நம் முஸ்லிம் சகோதரர்கள் சிலரும் இது தெரியாமல் வாங்கிவிட்டு என்னிடம் வருத்தப்பட்டிருக்கிறார்கள். செயற்கை முடிப் பிரஷ் எடுங்கள். ஊறவைக்க வேண்டியதில்லை, சீக்கிரம் காய்கிறது. நம் ஈரக் காற்றுக்கு அதுதான் தோது என்பது என் அபிப்பிராயம்.

தாத்தா தோட்டத் துரை பங்களாவில் அப்புவாக (வீட்டு வேலையாளாக) இருந்தவர். துரை கொடுத்த பழைய பிரஷ் ஒன்று இன்னும் இருக்கிறது. பாவிக்கலாமா? (லிந்துலை)

கண்ணாடி அலுமாரியில் வையுங்கள். முதலாம் உலகப் போர்க் காலத்தில் சரியாகச் சுத்தம் செய்யாத குதிரை முடியில் பிரஷ் செய்து விற்று, அதனால் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பலருக்கு ஆந்த்ராக்ஸ் வந்து சிலர் செத்தே போனார்கள். உங்களுடையது எந்தக் காலத்தது, என்ன முடி என்று பார்வையில் சொல்ல முடியாது. தாத்தாவின் நினைவுக்கு அது போதும், தாடைக்கு வேண்டாம்.

அப்பாவுக்குப் பக்கவாதம், வலது பக்கம் வராது. பாபர் வீட்டுக்கு வருவதில்லை. நான்தான் சேவ் எடுத்துவிடுகிறேன், கை நடுங்குகிறது. ஸ்டிக் சரிவருமா? (தலவாக்கலை, மகள்)

சரிவரும் தங்கச்சி. இந்த வேலைக்கு டின் நுரையை விட ஸ்டிக்தான் நல்லது, எவ்வளவு நுரை எங்கே என்பது உங்கள் கையில் இருக்கும்.

முதலில் டொக்டரிடம் ஒன்று கேளுங்கள்: இரத்தம் உறையாமல் இருக்கிற மருந்து கொடுக்கிறார்களா என்று. வோபரின் மாதிரி மருந்து என்றால் சின்னக் கீறலும் நிற்க நேரமெடுக்கும். அப்படியானால் மின்சார ரேசர் நல்லது, ஸ்டிக்கை மறந்துவிடுங்கள்.

மற்றபடி, அப்பாவைப் படுக்க வைத்து வழிக்காதீர்கள். தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வையுங்கள், ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழட்டும். தொடும் முன்னால் "அப்பா, இப்ப கழுத்துப் பக்கம் வாறேன்" என்று சொல்லிவிட்டுத் தொடுங்கள். ஸ்டிக்கை முகத்தில் அழுத்தித் தேய்க்க வேண்டாம். நனைத்த பிரஷை ஸ்டிக்கின் தலையில் அரை நிமிடம் சுற்றி, உங்கள் உள்ளங்கையில் நுரையைக் கட்டி, பிறகு முகத்துக்குக் கொண்டுபோங்கள். கையிலேயே சூடும் பதமும் தெரிந்துவிடும். வாயோரத்தில் மெல்லிசாகப் பூசுங்கள். பக்கவாதக்காரர்களுக்கு விழுங்கக் கஷ்டம் இருக்கும், நுரை வாய்க்குள் போகக் கூடாது.

வராத பக்கத்துக் கன்னம் தளர்ந்து தொங்கும். நாமென்றால் நாக்கால் உப்பிக் கொடுப்போம், அவரால் முடியாது. காதுக்கு முன்னால் இடது கை விரலை வைத்து மேல்நோக்கி இழுத்துப் பிடித்துக்கொண்டு, சிறு சிறு இழுப்பாக, முடி போகிற திசையிலேயே இறக்குங்கள். எதிர்ப்போக்கு வேண்டவே வேண்டாம். இரட்டை முனை பிளேட்டைத் தொடாதீர்கள், புது டிஸ்போசபல் ரேசர் போதும். அந்தப் பக்கம் உணர்ச்சி குறைவு என்றால் வெட்டினாலும் அவர் சொல்ல மாட்டார், நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

மொழுமொழுவென்று வர வேண்டியதில்லை. கொஞ்சம் சொரசொரப்பு இருந்துவிட்டுப் போகட்டும். முடிந்ததும் கண்ணாடியை அவர் கையில், வருகிற கையில், கொடுங்கள். சலூனில் நாங்கள் காட்டுகிற மாதிரி.

மழைக்காலத்தில் ஸ்டிக் கூழாகிப் பெட்டியோடு ஒட்டிக்கொள்கிறது. (நோர்வூட்)

ஈரத்தோடு மூடிவைக்கிறீர்கள். பாவித்த நுனியை ஓர் அலசு அலசி, துணியில் ஒற்றி, திறந்தபடி நிறுத்தி வையுங்கள். ஆடி மழையில் அதுவும் காயாதென்றால் விறகு அடுப்புக்கு மேலே உள்ள தட்டில் வையுங்கள். கொஞ்சம் புகை வாசம் வரும், எனக்கு அது பிடிக்கும்.

கடைசித் துண்டு கையில் நிற்காமல் வழுக்கி ஓடுகிறது. எறிந்துவிடவா? (அப்புத்தளை)

எறியாதீர்கள். கரட் திருவுகிற தட்டில் திருவி, ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டு, நாலு துளி வெந்நீர் விட்டுப் பெருவிரலால் அமுக்குங்கள். ஒரு நாள் காயவிட்டால் கட்டியாகிவிடும். பிறகு நனைத்த பிரஷை அதிலேயே சுற்றி எடுக்கலாம். அடுத்த ஸ்டிக்கின் துண்டையும் அதே கிண்ணத்தில் மேலே அமுக்கிக்கொள்ளுங்கள். என் கிண்ணத்தின் அடியில் இருப்பது எந்த வருடத்து ஸ்டிக் என்று எனக்கே தெரியாது.